குளத்துச் சக்கரம் கிரீச்சிட்டால்...

(வானொலிப் பண்ணை நிகழ்ச்சியில் பேசியது)



மாட்டு வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். பாரம் ஏற்றிய வண்டி போகிறபோது கிரீச் கிரீச் என்று கத்தினால், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர் சும்மா இருக்க மாட்டார். “ஏண்டா, வண்டிக்கு மை போட்டு எத்தனை நாளாச்சு?” என்று ஒரு குரல் கொடுப்பார். சக்கரத்தைக் கண்ணால் பார்க்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை. குடத்துக்கும் அச்சுக்கும் நடுவே மை வற்றிப்போய்விட்டது என்பதை அந்தச் சத்தமே அவருக்குச் சொல்லிவிடும். கடையாணியைப் பிடுங்கி, சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே இழுத்து, வண்டி மையைத் தடவிவிட்டால் வண்டி வாயை மூடிக்கொண்டு போகும்.

இன்றைக்கு மாட்டு வண்டி குறைந்துவிட்டது. ஆனால் அச்சும் குடமும் நம்மை விட்டுப் போகவில்லை. பெயர்தான் மாறியிருக்கிறது. அச்சை ஷாப்ட் என்கிறோம். அது சுற்றுகிற இடத்தைப் பேரிங் என்கிறோம். பேரிங்கைப் பிடித்து வைத்திருக்கும் கூட்டை ஹவுசிங் என்கிறோம். முன்பெல்லாம் இந்தக் கூடு வார்ப்பிரும்பில்தான் வரும். இப்போது பல கருவிகளில் பிளாஸ்டிக்கில் வருகிறது. பிளாஸ்டிக் கூட்டில் சத்தம் வந்தால் என்ன செய்வது, எதைச் செய்யக்கூடாது என்பதைத்தான் இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன். முக்கியமாக, மீன் குளத்திலும் இறால் குளத்திலும் ஓடுகிற துடுப்புச் சக்கர ஏரேட்டரைப் பற்றிச் சொல்லப்போகிறேன்.

மூச்சுக் காற்றின் கருவி

நெல்லும் கரும்பும் பயிரிடுகிறவர்களுக்காக ஏரேட்டரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். மிதவைகளின் மேல் எவர்சில்வர் சட்டம். சட்டத்தின் நடுவில் மோட்டார், அதோடு கியர் பாக்ஸ். கியர் பாக்ஸிலிருந்து இரண்டு பக்கமும் எவர்சில்வர் ஷாப்ட் நீளும். ஷாப்ட்டில் பிளாஸ்டிக் துடுப்புச் சக்கரங்கள். மோட்டார் நிமிஷத்துக்குச் சுமார் 1,440 சுற்று சுற்றும். கியர் பாக்ஸ் அதைக் குறைத்து, சக்கரத்துக்குச் சுமார் 100 சுற்றாகக் கொடுக்கும். சக்கரம் தண்ணீரை அள்ளி வீச, தண்ணீரில் காற்று கலக்கிறது. குளத்து நீரும் கலங்கிச் சுற்றி வருகிறது.

ஷாப்ட்டின் வெளி முனை சும்மா தொங்க முடியாது அல்லவா? அதைத் தாங்குவதற்கு முனையில் ஒரு கூடு இருக்கும். அதுதான் நம் பிளாஸ்டிக் ஹவுசிங். அதில் இரண்டு வகை உண்டு. ஒன்றில், கூட்டுக்குள் பிளாஸ்டிக் புஷ் இருக்கும். ஷாப்ட் அதற்குள் நேராகச் சுற்றும். மற்றொன்றில், கூட்டுக்குள் குண்டு பேரிங் இருக்கும். உங்களிடம் இருப்பது எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வைத்தியம் இரண்டுக்கும் வேறு வேறு.

பிளாஸ்டிக் எதற்கு, இரும்பே போதாதா என்று கேட்கலாம். உப்புத் தண்ணீரில் இரும்பு என்ன பாடுபடும் என்பது கடலோரத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். பிளாஸ்டிக் துருப்பிடிக்காது, மிதவைக்குப் பாரமாகாது, தண்ணீரையே மசகாக வைத்துக்கொண்டு ஓடும். இத்தனை நல்ல குணம் இருப்பதால்தான் அதைப் போடுகிறார்கள். ஆனால் இரும்பைப் போல அதை நடத்தினால் அது பொறுக்காது.

ஒரு ராத்திரி நடந்த கதை

இந்த விஷயத்தில் நான் அடிபட்டுக் கற்றுக்கொண்டவன். அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

2009-ஆம் ஆண்டில் வெள்ளைக்கால் இறால் என்கிற வனாமி வளர்க்க நம் நாட்டில் அனுமதி வந்தது. அதன் பிறகு கடலோரத்தில் பலரும் அதற்கு மாறினோம். நெருக்கமாக விடுகிற இறால் அது. ஏரேட்டர் இல்லாமல் நடக்காது. என் குளத்தில் அன்று தொண்ணூறாம் நாள். இறால் நன்றாகத் தேறியிருந்தது. இன்னும் பத்துப் பதினைந்து நாளில் பிடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

குளத்தில் வேலை செய்கிற தம்பி வந்து, “அண்ணே, மேலண்டைச் சக்கரம் நாலு நாளாக் கத்துதுண்ணே” என்றான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மாட்டு வண்டிப் புத்திதான். “கொஞ்சம் பழைய ஆயிலை விடுப்பா. ஆடாம இருக்க ஒரு சைக்கிள் டியூபை வெச்சுக் கம்பியாலே இறுக்கிக் கட்டிவிடு” என்றேன். அவனும் அப்படியே செய்தான். சத்தம் அடங்கிவிட்டது. நானும் நிம்மதியாகப் படுத்துக்கொண்டேன்.

மூன்றாவது ராத்திரி, நடுச்சாமத்துக்கு மேல் அந்தக் கூட்டுக்குள் ஷாப்ட் இறுகிப் பிடித்துக்கொண்டது. மோட்டார் திணறி, ஸ்டார்ட்டர் விழுந்துவிட்டது. அதே ஸ்டார்ட்டரில் இன்னொரு ஏரேட்டரும் மாட்டியிருந்தேன். அதுவும் நின்றுவிட்டது. நாலரை மணிக்கு எனக்கு விழிப்பு வந்தது. எதனால் விழித்தேன் என்று முதலில் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, தண்ணீர்ச் சத்தம் இல்லை. டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு ஓடினேன். கரையோரமெல்லாம் இறால் மேலே வந்து ஒதுங்கிக் கிடந்தது. மற்ற ஏரேட்டரை ஓட்டி, தண்ணீர் பாய்ச்சி, முடிந்ததைச் செய்தோம். விடிந்து பார்த்தபோது அந்தக் குளத்தில் பெரும்பகுதி கையை விட்டுப் போயிருந்தது.

ஏன் விடியற்காலையில் இந்த ஆபத்து? பகலில் தண்ணீரில் இருக்கும் பச்சைப் பாசி நுண்ணுயிர்கள் வெயிலை வாங்கிப் பிராணவாயுவைக் கொடுக்கும். ராத்திரியில் அவையும் இறாலோடு சேர்ந்து பிராணவாயுவை இழுக்கும். ஆகவே விடிவதற்குச் சற்று முன்னால்தான் தண்ணீரில் பிராணவாயு மிகக் குறைவாக இருக்கும். இறாலுக்கு அது 4 பி.பி.எம்.-க்குக் குறையாமல் இருப்பது நல்லது. ஒரு குதிரைத்திறன் ஏரேட்டர் சுமார் 400 முதல் 500 கிலோ இறாலுக்கு மூச்சுக் கொடுக்கும் என்று பொதுவாகக் கணக்கு வைக்கிறார்கள். இரண்டு குதிரைத்திறன் ஏரேட்டர் ஒன்று நின்றால், ஏறக்குறைய ஒரு டன் இறாலின் மூக்கைப் பொத்தியது போலத்தான்.

பொழுது விடிந்ததும் அந்தக் கூட்டைக் கழற்றிப் பார்த்தேன். புஷ் ஒரு பக்கமாகவே தேய்ந்து நிலாப் பிறை போல இருந்தது. போல்ட் ஓட்டை நீண்டு போயிருந்தது. ஷாப்ட்டில் வரி வரியாகப் பள்ளம். பழைய ஆயிலும் மணலும் கலந்து, உரலில் அரைத்த சேறு மாதிரி உள்ளே அடைத்திருந்தது. அதோடு இன்னொன்றும் தெரிந்தது. அந்தப் பக்கத்து மிதவையைத் தூக்க முடியவில்லை. அடியில் மயிரிழை விரிசல். உள்ளே தண்ணீர் ஏறியிருந்தது. மிதவை அமுங்கியதால் சட்டம் சாய்ந்து, ஷாப்ட் கோணலாக நின்று, புஷ்ஷை ஒரு பக்கமாகத் தின்றிருக்கிறது. நோய் மிதவையில் இருந்தது. அது பேசியது புஷ்ஷின் வாயால். நான் அந்த வாயைத்தான் கட்டினேன்.

பிளாஸ்டிக் தாமதமாகச் சொல்லும்

இதில் கவனிக்க வேண்டிய பெரிய விஷயம் ஒன்று உண்டு. வெண்கலப் பாத்திரத்தைத் தட்டினால் கணீர் என்கும். பிளாஸ்டிக் குடத்தைத் தட்டினால் பொத் என்கும். ஏன்? பிளாஸ்டிக் அதிர்வை உள்ளேயே விழுங்கிக்கொள்ளும். ஆகையால் புதிதில் பிளாஸ்டிக் ஹவுசிங் இரும்பை விட அமைதியாக ஓடும். ஆனால் கோளாறு தொடங்குகிறபோது வருகிற சின்னச் சத்தத்தையும் அது விழுங்கிவிடுகிறது. இதற்கு மேல் சக்கரம் தண்ணீரை அடிக்கிற சத்தம் வேறு. ஆகவே கரையில் நிற்கிற உங்கள் காதுக்குச் சத்தம் எட்டுகிறபோது, கோளாறு பிறந்து பல நாளாகியிருக்கும். பிளாஸ்டிக் கூடு சத்தம் போட்டால் “பார்க்கலாம்” என்று விடாதீர்கள். அன்றைக்கே பகலில் பாருங்கள்.

எந்தச் சத்தம் எதைச் சொல்கிறது?

காலையில் அக்கம்பக்கம் அமைதியாக இருக்கிற நேரத்தில் கரையில் நின்று காது கொடுத்துக் கேளுங்கள்.

‘டக், டக்’ என்று சக்கரம் சுற்றுகிற கணக்குக்குச் சரியாக, ஒரு சுற்றுக்கு ஒரு அடி விழுகிறதா? அப்படியானால் எங்கோ தளர்ச்சி. கூட்டின் போல்ட் தளர்ந்திருக்கலாம், சக்கரம் ஷாப்ட்டில் ஆடலாம், துடுப்பு ஒன்று உடைந்திருக்கலாம், ஷாப்ட் வளைந்திருக்கலாம்.

‘கிரீச்’ என்று இழுத்துக் கத்துகிறதா? அது பிளாஸ்டிக் புஷ் காய்ந்து ஓடுகிற சத்தம். தண்ணீர் போகிற வழி அடைத்திருக்கும், அல்லது புஷ் ஷாப்ட்டை இறுக்கிப் பிடிக்கிறது.

‘கரகர’ என்று கருங்கல் ஜல்லி உருள்வது போல விடாமல் வருகிறதா? குண்டு பேரிங்கில் துரு விழுந்திருக்கிறது, அல்லது உள்ளே மணல் புகுந்திருக்கிறது.

‘ம்ம்...’ என்று முனகல் மட்டும் வருகிறதா? இது பெரும்பாலும் கூட்டின் குற்றம் அல்ல. மோட்டாரையும் கியர் பாக்ஸையும் பாருங்கள். மூன்று பேஸில் ஒன்று போய்விட்டால் மோட்டார் முனகும். விட்டுவைத்தால் சுருள் எரிந்துபோகும். சுவிட்சை நிறுத்திவிட்டு மின் பணியாளரைக் கூப்பிடுங்கள்.

இந்த நாலு சத்தத்தையும் குளத்தில் வேலை செய்கிறவர்களுக்கும் சொல்லிக் கொடுங்கள். ராத்திரியும் பகலும் அவர்கள் காதுதான் அங்கே இருக்கிறது.

கை வைக்கும் முன்னால்

தண்ணீரும் மின்சாரமும் சேர்ந்த இடம் இது. ஓடுகிற ஏரேட்டருக்குப் பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்க்கிற வேலை கூடவே கூடாது. மெயின் சுவிட்சை அணையுங்கள். ப்யூஸ் கட்டையைப் பிடுங்கி உங்கள் சட்டைப் பையிலேயே போட்டுக்கொள்ளுங்கள். அப்போதுதான் வேறு யாரும் தெரியாமல் போட்டுவிட முடியாது. பிறகு கயிற்றை இழுத்து ஏரேட்டரைக் கரைக்குக் கொண்டுவாருங்கள். நடுக்குளத்தில் கழுத்தளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு ஸ்பேனர் பிடிக்க வேண்டாம். எர்த் கம்பி சரியாக இருக்கட்டும். கசிவு மின்சாரம் வந்தால் உடனே துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. என்ற சாதனமும் பலகையில் இருக்கட்டும்.

வேலையைப் பகலில், வெயில் நன்றாக இருக்கிறபோது செய்யுங்கள். அந்த நேரத்தில் தண்ணீரில் பிராணவாயு போதிய அளவு இருக்கும். ஒரு நேரத்தில் ஒரு ஏரேட்டரை மட்டும் கழற்றுங்கள்.

கரைக்கு வந்ததும், முதலில் இரண்டு மிதவையையும் பாருங்கள். ஒன்று மற்றதை விடக் கனமாக இருக்கிறதா? அப்படியானால் தண்ணீர் ஏறியிருக்கிறது. அடுத்து, ஷாப்ட்டின் முனையைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். கண்ணுக்குத் தெரிகிற அளவு ஆடினால் புஷ் தேய்ந்துவிட்டது. பிறகு கப்ளிங்கைக் கழற்றிவிட்டு, ஷாப்ட்டை மட்டும் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். ஒரே சீராகச் சுற்ற வேண்டும். ஓரிடத்தில் இறுகி ஓரிடத்தில் தளர்ந்தால் ஷாப்ட் வளைந்திருக்கிறது. சுற்று முழுதும் இறுக்கமாக இருந்தால் கூடு கோணலாக நிற்கிறது, அல்லது புஷ் பருத்திருக்கிறது.

காரணமும் வைத்தியமும்

முதலாவது, போல்ட் தளர்ச்சி. இரும்புக் கூட்டில் ஒரு தடவை இறுக்கினால் பல மாதம் அப்படியே நிற்கும். பிளாஸ்டிக் அப்படியல்ல. போல்ட்டின் அழுத்தத்தில் அது கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கிக் கொடுக்கும். போல்ட் தானாகத் திரும்பாமலேயே பிடிப்புக் குறைந்துபோகும். ஆகவே புதுக் கூடு மாட்டினால் மறுநாள் ஒரு தடவை, ஒரு வாரம் கழித்து ஒரு தடவை பார்த்து இறுக்க வேண்டும். அதற்காகப் பலங்கொண்ட மட்டும் முறுக்கக்கூடாது. முறுக்கினால் வட்டமாக இருக்கிற துளை முட்டை வடிவமாகிவிடும், அதனாலேயே புதுச் சத்தம் பிறக்கும், கூடும் விரியும். போல்ட்டுக்கு அடியில் அகலமான எவர்சில்வர் வாஷர் போடுங்கள். அழுத்தம் பரவி நிற்கும். போல்ட் ஓட்டைக்குள் கம்பெனிக்காரர் உலோகக் குழாய் வைத்திருந்தால் அதைத் தொலைத்துவிடாதீர்கள். பிளாஸ்டிக் நசுங்காமல் காப்பது அதுதான்.

இறுக்குவதிலும் ஒரு முறை இருக்கிறது. எல்லா போல்ட்டையும் முதலில் தளர்வாக மாட்டுங்கள். ஷாப்ட்டைக் கையால் நாலு சுற்றுச் சுற்றுங்கள். கூடு தானே தன் இடத்தைத் தேடி உட்காரும். பிறகு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள். ஒவ்வொரு தடவையும் ஷாப்ட் லேசாகச் சுற்றுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, கோணல். இதுதான் அநேகம் பேர் கவனிக்காத காரணம். கொத்தனார் சுவருக்கு நூல் பிடிப்பார் அல்லவா? அதே போலக் கியர் பாக்ஸ் முனையிலிருந்து வெளிக்கூடு வரை ஷாப்ட்டை ஒட்டி நூல் பிடித்துப் பாருங்கள். கோணல் தெரிந்துவிடும். சட்டம் வளைந்திருந்தால் நிமிர்த்த வேண்டும். மிதவையில் தண்ணீர் இருந்தால் வடித்து, விரிசலை அடைக்க வேண்டும், அல்லது மிதவையை மாற்ற வேண்டும். ஏரேட்டரைக் கட்டியிருக்கும் கயிறு ஒரு பக்கமாக இழுத்தாலும் சட்டம் முறுக்கிக்கொள்ளும்; இரு பக்கமும் சமமாகக் கட்டுங்கள். மிதவையிலும் துடுப்பிலும் பாசியும் சிப்பியும் ஒட்டிக்கொண்டால் அதுவும் பாரம்தான். அதைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். ஒரு துடுப்பு உடைந்தால் மற்றவை இருக்கின்றனவே என்று ஓட்டாதீர்கள். பாரம் ஒரு பக்கம் இழுத்து, ஒவ்வொரு சுற்றிலும் கூட்டைச் சம்மட்டியால் அடிப்பது போல அடிக்கும்.

மூன்றாவது, புஷ் பருத்தல். நைலான் தண்ணீரைக் குடிக்கிற பொருள். உலர்ந்த நைலான் புஷ் சரியாக இருக்கிறதே என்று இறுக்கமாக மாட்டினால், சில நாள் தண்ணீரில் கிடந்த பிறகு அது பருக்கும். வெளியே கூடு பிடித்துக்கொண்டிருப்பதால் வெளிப்பக்கம் போக இடமில்லை. ஆகவே உள்ளே துளை சுருங்கி, ஷாப்ட்டைப் பிடித்துக்கொண்டு கிரீச்சிடும். வெயிலில் சூடேறினாலும் இதே கதைதான். பிளாஸ்டிக் இரும்பை விடப் பல மடங்கு விரியும். ஆகையால் பிளாஸ்டிக் புஷ்ஷுக்கும் ஷாப்ட்டுக்கும் நடுவே உலோகப் புஷ்ஷுக்கு விடுவதை விடக் கொஞ்சம் கூடுதலாகவே இடைவெளி வேண்டும். கம்பெனிப் புஷ்ஷில் அந்தக் கணக்கைப் பார்த்தே துளை போட்டிருப்பார்கள். லேத்துப் பட்டறையில் நீங்களே கடைந்து வாங்கினால், “தண்ணீருக்குள் ஓடப்போகிறது” என்று சொல்லிக் கடையச் சொல்லுங்கள். வெள்ளையாக, மெழுகு தடவினாற்போல் வழவழப்பாக இருக்கும் கெட்டிப் பாலிஎதிலீன் ஒன்று கிடைக்கிறது. அது தண்ணீரைக் குடிக்காது. இந்த வேலைக்கு நல்லது.

நான்காவது, மணலும் தேய்மானமும். புஷ்ஷின் உட்புறத்தில் நீளவாக்கில் சின்ன வாய்க்கால் போலப் பள்ளம் வெட்டியிருப்பார்கள். தண்ணீர் உள்ளே போகவும், மணல் வெளியே வரவும் அதுதான் வழி. அது அடைத்துக்கொண்டால் புஷ் காய்ந்து ஓடும். பிளாஸ்டிக் சூட்டைச் சட்டென்று வெளியேற்றாது. உள்ளேயே சூடு தங்கி, இளகி, ஷாப்ட்டைக் கவ்விக்கொள்ளும். என் குளத்தில் நடந்தது இதுதான். ஆகவே ஒவ்வொரு தடவை கரைக்கு வரும்போதும் அந்தப் பள்ளத்தை ஒரு மூங்கில் குச்சியால் சுத்தம் செய்யுங்கள். ஷாப்ட்டில் விரல் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். வழவழவென்று போனால் சரி. லேசாகச் சொரசொரத்தால் மெல்லிய தண்ணீர்க் காகிதத்தால் சுற்றுவாக்கில் தேய்த்துப் பளபளப்பாக்குங்கள். நீளவாக்கில் தேய்க்க வேண்டாம். நகம் பள்ளத்தில் இடறி நின்றால் ஷாப்ட்டுக்கும் வைத்தியம் வேண்டும். பள்ளம் விழுந்த ஷாப்ட்டில் புதுப் புஷ் போடுவது, அரத்தின் மேல் வெண்ணெய் வைத்தது மாதிரி.

ஐந்தாவது, குண்டு பேரிங் வகை. இதில் இரண்டு பக்கமும் ரப்பர் மூடி போட்டு வருகிற பேரிங்குக்கு வெளியிலிருந்து கிரீஸ் போட முடியாது. கரகரத்தால் மாற்றுவதுதான் வழி. கிரீஸ் நிப்பிள் உள்ள கூடானால், தண்ணீரில் கரையாத கிரீஸ் என்று கேட்டு வாங்கிப் போடுங்கள். மெதுவாக அழுத்துங்கள், வேகமாக அழுத்தினால் சீல் பிதுங்கிவிடும், பிறகு அந்த வழியே தண்ணீர் புகும். ஷாப்ட்டைப் பிடிக்கிற கிரப் ஸ்குரு தளர்ந்திருந்தால் பேரிங்குக்குள் ஷாப்ட் தனியாக வழுக்கிச் சத்தம் போடும். அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேரிங்கைக் கூட்டுக்குள் ஏற்றுகிறபோது சுத்தியால் போட்டு அடிக்காதீர்கள். இரும்புக் கூட்டுக்குச் சுடர் காட்டுவது போல இதற்கு நெருப்புக் காட்டவே கூடாது. கூட்டைக் கொஞ்ச நேரம் வெந்நீரில் போட்டு வையுங்கள். துளை விரிந்து கொடுக்கும். பிறகு துடைத்துவிட்டு, பேரிங்கின் வெளி வளையத்தின் மேல் சமமாக அழுத்தி ஏற்றுங்கள். ஏற்றிய பிறகு வெளி வளையம் கூட்டுக்குள் தனியாகச் சுற்றினால், அந்தக் கூடு தேய்ந்துவிட்டது என்று அர்த்தம். தகடு செருகுவது, காகிதம் சுற்றுவது, பசை போட்டு ஒட்டுவது எல்லாம் நாலு நாள் வேலை. கூட்டை மாற்றிவிடுங்கள்.

ஆறாவது, வெயில். வருஷக்கணக்காக வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் வெளுத்து, தடவினால் கையில் மாவு மாதிரி ஒட்டும். அதற்குப் பலம் போய்விட்டது. போல்ட் ஓட்டையைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். விரிசல் விட்ட கூடு இன்றைக்கு ‘டக்’ என்கும். நாளைக்கு இரண்டாகப் போகும். அறுவடை முடிந்து குளம் காய்கிற காலத்தில் ஏரேட்டரை நிழலில் தூக்கி வையுங்கள். மழைக் கோணியாவது போட்டு மூடுங்கள்.

செய்யக்கூடாதவை

பிளாஸ்டிக் புஷ்ஷுக்கு ஆயிலோ கிரீஸோ போட வேண்டாம். அதற்குத் தண்ணீர்தான் மசகு. ஆயில் விட்டால் கொஞ்ச நேரம் சத்தம் அடங்கும். ஆனால் அதில் மணல் ஒட்டிக்கொண்டு, எமரித் தூள் போல ஷாப்ட்டையே அரைத்துவிடும். பழைய எஞ்சின் ஆயில் குளத்துத் தண்ணீரையும் கெடுக்கும்; இறாலுக்கும் அது விஷம்.

கூட்டுக்கு அடியில் சைக்கிள் டியூபும் கோணியும் திணிக்க வேண்டாம். கம்பெனி ரப்பர் வைத்த இடத்தில் ரப்பர் வைக்கலாம். அதுவும் இரு பக்கமும் ஒரே கனத்தில் இருக்க வேண்டும். கண்டபடி திணித்தால் அதிர்ச்சி குறைந்தது போலத் தெரியும். உள்ளே கோணல் கூடும்.

கம்பியால் கட்டி இறுக்க வேண்டாம். இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. என் கதையைத்தான் சொல்லிவிட்டேனே.

கையில் என்ன இருக்க வேண்டும்?

விதை நெல்லைப் போல, மாற்று உதிரிப் பாகமும் வீட்டில் இருக்க வேண்டும். ஒவ்வொரு குளத்துக்கும் குறைந்தது இரண்டு புஷ் அல்லது இரண்டு பேரிங், ஒரு முழுக் கூடு, நாலைந்து போல்ட், நட்டு, வாஷர். இவ்வளவும் ஒரு பழைய பால் டப்பாவுக்குள் அடங்கிவிடும். ராத்திரி இரண்டு மணிக்கு எந்தக் கடை திறந்திருக்கும்?

வாரத்துக்கு ஒரு நாள் காது கொடுத்துக் கேட்பது. பதினைந்து நாளைக்கு ஒரு தடவை கரைக்கு இழுத்து, போல்ட்டும் மிதவையும் பார்ப்பது. அறுவடைக்கு அறுவடை புஷ்ஷைக் கழற்றிப் பார்ப்பது. இந்த வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள். இறால் வளர்ந்து எடை கூடக் கூட இந்தக் கவனமும் கூட வேண்டும். முதல் மாதத்தில் ஒரு ஏரேட்டர் நின்றால் சமாளித்துவிடலாம். மூன்றாம் மாதத்தில் சமாளிக்க நேரமே இருக்காது. முடிந்தவரை ஒவ்வொரு ஏரேட்டருக்கும் தனி ஸ்டார்ட்டர் வையுங்கள். ஒன்று விழுந்தால் மற்றது ஓடும். அன்று நான் அப்படி வைத்திருந்தால் பாதி இறாலாவது பிழைத்திருக்கும்.

கடைசியாக ஒரு வார்த்தை. அந்த நாலு நாளும் ஏரேட்டர் என்னைக் கூப்பிட்டுக்கொண்டேதான் இருந்தது. தம்பியும் வந்து சொன்னான். அழுகிற குழந்தைக்குப் பசியா, வயிற்று வலியா என்று பார்க்காமல் வாயைப் பொத்துவோமா? நான் அதைத்தான் செய்தேன். சத்தத்தைக் குறைப்பது என்றால் சத்தத்தின் காரணத்தைக் குறைப்பது. காரணம் போய்விட்டால் சத்தம் தானே போகும். காரணம் இருக்கச் சத்தம் மட்டும் போனால் அன்று ராத்திரி தூங்காதீர்கள்.

இப்போது அந்தத் தம்பி “அண்ணே, சத்தம் கேக்குது” என்று வந்தால், நான் கையில் எண்ணெய்க் குவளையை எடுப்பதில்லை. மெயின் சுவிட்சை அணைத்து, ப்யூஸ் கட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கயிற்றை இழுக்கப் போகிறேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.